இது யாருடைய பிள்ளை?



விருந்தினரை வரவேற்கும் ஒழுங்குகள் பற்றி முன்னர் இப்பக்கத்தில் எழுதியதைப் படித்துவிட்டு அக்குறணையிலிருந்து ஒரு வாசகி கடிதம் அனுப்பியிருந்தார். "வீட்டு விருந்தைப் பற்றி எழுதினீர்கள், நல்லது. ஆனால் இப்போது பெருநாள் விருந்தில் பாதி ஹோட்டலில்தானே நடக்கிறது? பிள்ளைகள் விளையாடுவதற்கென்று அங்கே ஓரிடம் வைத்திருக்கிறார்கள். அந்த இடத்தில் எமது குடும்பங்கள் நடந்துகொள்ளும் விதத்தைப் பார்த்தால் வெட்கமாக இருக்கிறது. இதை ஏன் ஒருவரும் எழுதுவதில்லை?" என்று கேட்டிருந்தார்.

அந்தக் கடிதம் மூன்று வாரங்களாக என் மேசையில் கிடந்தது. அவர் சொல்லும் குடும்பங்களில் என்னுடையதும் ஒன்று என்பதே அதற்குக் காரணம். எனவே முதலில் என் வீட்டுக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

சென்ற வருடம் ஹஜ்ஜுப் பெருநாளின் மூன்றாம் நாள், குடும்பமாக இரண்டு வேன்களில் கண்டி வீதியிலுள்ள ஓர் உணவகத்துக்குப் போயிருந்தோம். பெரியவர்கள் பதினொரு பேர், பிள்ளைகள் ஏழு பேர். ளுஹர் தொழுதுவிட்டுப் புறப்பட்டதால் போய்ச் சேரும்போது எல்லோருக்கும் நல்ல பசி. உணவகத்தின் பின்புறத்தில் கம்பி வலை அடித்த ஒரு முற்றம் இருந்தது. அதற்குள் இரண்டு சறுக்குகள், ஓர் ஊஞ்சல், நிறப் பந்துகள் நிறைந்த ஒரு தொட்டி. வேன் கதவு திறந்ததுதான் தாமதம், ஏழு பேரும் அங்கே ஓடிவிட்டார்கள்.

பெண்களாகிய நாங்கள் பிற ஆண்களின் பார்வை அதிகம் படாத ஒரு மூலையைத் தேடிப் பிடித்து இருந்துகொண்டோம். ஆண்கள் வாசல் பக்கத்து மேசையில். எங்கள் மூலையிலிருந்து பின்முற்றம் தெரியாது. வாப்பாமார் பார்த்துக்கொள்வார்கள் என்று நாங்கள் நினைத்தோம். உம்மாமார் இருக்கிறார்கள்தானே என்று அவர்கள் நினைத்தார்கள். மூத்த பேத்திக்குப் பன்னிரண்டு வயது, அவள் பார்ப்பாள் என்று எல்லோருமே நினைத்தோம். அவளும் பிள்ளைதானே? அவள் ஊஞ்சலில் இருந்தாள்.

என் மகளின் மகனுக்கு அப்போது ஆறரை வயது. மேலே ஏறுவதற்குப் படி இருக்க, அவன் சறுக்கின் கீழ்ப்பக்கத்தால் ஓடி ஏறியிருக்கிறான். மேலேயிருந்து மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி சறுக்கி வந்திருக்கிறாள். அவனுடைய தலையில் மோதி அவளுடைய உதடு வெடித்துவிட்டது. அழுகைச் சத்தம் எங்கள் மேசை வரை கேட்டது. அது எங்கள் பிள்ளைகளின் அழுகை இல்லை என்று தெரிந்ததும் நாங்கள் மறுபடியும் கதையைத் தொடர்ந்தோம். இந்த வசனத்தை எழுதும்போது என் கை கூசுகிறது. ஆனால் நடந்தது அதுதான்.

சற்று நேரத்தில் பேரன் உள்ளே ஓடி வந்து என் கதிரைக்குப் பின்னால் பதுங்கி, என் அபாயாவைப் பிடித்துக்கொண்டான். அவனுக்குப் பின்னாலேயே ஒரு சிங்களத் தாய், இரத்தம் வடியும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து மண்டபத்தின் நடுவில் நின்றார். பச்சைச் சட்டை போட்ட பையன் யாருடைய பிள்ளை என்று பொதுவாகக் கேட்டார். "காகெ லமயாத?" அவர் சத்தம் போடவில்லை. ஆனால் எல்லா மேசைக்கும் கேட்டது.

என் மகள் எழுந்தாள். நான் அவளுடைய கையைப் பிடித்து இழுத்தேன். "இரி புள்ள, பேசாம இரி. போனாச் சண்ட வரும்" என்றேன்.

நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்பது உங்களில் பலருக்கு விளங்கும். 2018இல் கண்டிப் பக்கத்திலும், 2019இல் குருநாகல், மினுவாங்கொடைப் பக்கங்களிலும் எமது ஆட்கள் பட்டதைக் கண்ட பிறகு, பொது இடத்தில் ஒரு குரல் உயர்ந்தாலே எனக்கு நெஞ்சு படபடக்கும். அந்தப் பயம் பொய்யல்ல. ஆனால் அந்தப் பெண் கேட்டது தன் பிள்ளையின் உதட்டைப் பற்றி மட்டும்தான். பத்து வருடத்து அச்சத்தையெல்லாம் அவருடைய தலையில் நான் ஏற்றிவிட்டேன்.

ஒருவரும் பதில் சொல்லாததால் முகாமையாளர் வந்தார். மண்டபத்தில் நின்ற ஒரு சிப்பந்திப் பையனைப் பார்த்து, அங்கே பிள்ளைகளைக் கவனிக்கத் தெரியாதா என்று எல்லோர் முன்னிலையிலும் ஏசினார். பத்தொன்பது, இருபது வயதிருக்கும் அந்தப் பையனுக்கு. கையில் சூப் கோப்பைகள் அடுக்கிய தட்டு. அவனுக்கு எங்கள் பிள்ளையைத் தெரியும். சற்று முன்புதான் என் பேரனுக்கு மாம்பழச் சாறு கொண்டுவந்து கொடுத்திருந்தான். எங்கள் மேசையை ஒரு தரம் பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டான். எங்களைக் காட்டிக் கொடுக்கவில்லை.

மகள் என் கையை உதறிவிட்டுப் போனாள். "சமாவென்ன, மகே புதா" என்று, அதாவது மன்னியுங்கள், என்னுடைய மகன்தான் என்று சொல்லி, தன்னுடைய லேஞ்சியில் ஐஸ்கட்டி சுற்றிக் கொடுத்தாள். அந்தத் தாய் அதை வாங்கிப் பிள்ளையின் வாயில் வைத்துக்கொண்டார். கோபிக்கவில்லை, சிரிக்கவுமில்லை. சாப்பாட்டைப் பார்சல் கட்டச் சொல்லி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

திரும்பி வரும்போது கேகாலை வரை மகள் என்னோடு ஒரு வார்த்தை கதைக்கவில்லை. பேரன்தான் கதைத்தான். "உம்மம்மா, அந்த அன்ட்டி கேட்டப்போ ஏன் நீங்க என்ட பேரச் செல்லல்ல?" என்றான். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

இந்தக் கதையை வைத்துக்கொண்டு, பிள்ளைகளை ஹோட்டலுக்குக் கூட்டிப் போகாதீர்கள் என்றோ, விளையாட விடாதீர்கள் என்றோ நான் சொல்ல வரவில்லை. ரஸூலுல்லாஹ் (ஸல்) அவர்கள் தொழுகை நடத்திக்கொண்டிருந்தபோது பேரப்பிள்ளை முதுகில் ஏறிக்கொண்டதால், அது ஆசை தீர இருந்துவிட்டு இறங்கும் வரை ஸுஜூதை நீட்டினார்கள் என்று நஸாஈயில் வருகிறது. தொழுகையிலேயே பிள்ளையின் விளையாட்டுக்கு அவ்வளவு இடம் கொடுத்த மார்க்கம் எங்களுடையது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அங்கே பிள்ளை எங்கே இருக்கிறது என்பது பெரியவருக்குத் தெரிந்திருந்தது.

உணவகத்தில் முதல் தவறு மேசையைத் தெரிவு செய்வதில் தொடங்குகிறது. மறைவான மூலையைத் தேடுவது எமது பழக்கம், அதில் பிழையில்லை. ஆனால் சிறு பிள்ளைகள் கூட வரும்போது, விளையாடுமிடம் கண்ணுக்குத் தெரிகிற மேசையை முதலில் கேளுங்கள். அப்படி மேசை இல்லாவிட்டால் மேசையிலிருந்து ஒருவர் எழுந்து போய் அங்கே நிற்க வேண்டியதுதான். வேறு வழி கிடையாது. நிற்பவர் போனைப் பார்த்துக்கொண்டு நிற்பதும் நிற்பதில் சேராது.

யார் நிற்பது? இதை வாயால் சொல்லி ஒப்படைக்க வேண்டும். "நான் இப்ப சாப்பிடப் போறன், நீங்க பாருங்கொ" என்று பேர் சொல்லிச் சொல்ல வேண்டும். பதினொரு பெரியவர்கள் இருந்த எங்கள் கூட்டத்தில் ஒருவர்கூடப் பார்க்காமல் போனதற்குக் காரணம் நாங்கள் பதினொரு பேர் இருந்ததுதான். இரண்டே பேர் போயிருந்தால் ஒருவராவது பார்த்திருப்போம்.

இன்னொன்றையும் சொல்லித்தான் ஆக வேண்டும், ஆண்கள் கோபித்தாலும் பரவாயில்லை. பல குடும்பங்களில் இந்த முறை ஒருபோதும் மாறுவதில்லை. கைப்பிள்ளைக்காரி ஒருத்தி அல்லது வீட்டின் மூத்த பெண்பிள்ளை முழு நேரமும் அங்கே நிற்பாள். எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு ஆறிய சோற்றையும் எலும்புகள் மிஞ்சிய கோழித் தட்டையும் அவளுக்குத் தள்ளுவோம். அவளுக்கும் அது பெருநாள்தான். பன்னிரண்டு வயதுப் பிள்ளை தம்பி தங்கைகளோடு விளையாடலாம், அவர்களுக்குப் பொறுப்பு நிற்க முடியாது. தம்பி விழுந்தால் அவளுக்கு ஏச்சு விழுகிற நியாயமும் எனக்கு இதுவரை விளங்கவில்லை. வாப்பாமாரும் சாச்சாமாரும் தங்கள் முறைக்கு எழுந்து போகட்டும். பிள்ளைகளுக்கும் அது பெரிய சந்தோஷம்.

விளையாட்டு இடத்தில் நிற்பவர் எதைப் பார்க்க வேண்டும்? சறுக்கைத்தான் முதலில் சொல்வேன். படியால் ஏறி, காலை முன்னுக்கு நீட்டி, ஒருவர் இறங்கி நகர்ந்த பிறகு அடுத்தவர் வர வேண்டும். இதை வேனில் இருக்கும்போதே பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள். அங்கே போன பிறகு அவர்களுடைய காது எமக்குக் கிடைக்காது.

சறுக்கில் பெரியவர்கள் செய்கிற ஒரு பிழையும் உண்டு. அன்பினால் செய்கிற பிழை. ஒன்றரை, இரண்டு வயதுப் பிள்ளை தனியாக வரப் பயப்படும் என்று மடியில் வைத்துக்கொண்டு சறுக்கி வருவோம். எல்லோரும் கைதட்டி வீடியோவும் எடுப்பார்கள். அமெரிக்காவில் 2002 முதல் 2015 வரையான அவசர சிகிச்சைப் பதிவுகளை ஆராய்ந்தவர்கள், அந்தக் காலத்தில் ஆறு வயதுக்குக் குறைந்த சுமார் மூன்றரை இலட்சம் பிள்ளைகள் சறுக்குகளில் காயமடைந்ததாகக் கணக்கிட்டார்கள். அவற்றில் எலும்பு முறிவுதான் அதிகம், அதிலும் முழங்காலுக்குக் கீழே. பெரியவரின் மடியில் வந்த பிள்ளைகளுக்குத்தான் இந்த ஆபத்து கூட. காரணம் இலகுவானது. பிள்ளை தனியாக வரும்போது அதன் கால் ஓரத்தில் சிக்கினால், அதன் பாரம் குறைவானதால் நின்றுவிடும். மடியில் வரும்போது கால் சிக்கினாலும் பெரியவரின் பாரம் நிற்காமல் கீழே தள்ளும். அந்த இழுப்பில் சின்ன எலும்பு முறுகி முறியும். தனியாக வரத் தெரியாத பிள்ளைக்குச் சறுக்கு இன்னும் ஒரு வருடம் பிந்தினால் ஒன்றும் குறைந்துவிடாது.

பெருநாள் உடுப்பும் ஒரு விஷயம். சின்னப் பெண்பிள்ளைக்கு ஸ்காஃப் கட்டி, நாலைந்து குண்டூசி குத்தி, கழுத்தில் சங்கிலியும் போட்டு அனுப்புகிறோம். அந்தக் குண்டூசி பந்துத் தொட்டிக்குள் விழுந்தால் யாருடைய பிள்ளையின் காலில் ஏறுமோ, யாருடைய வாய்க்குள் போகுமோ தெரியாது. ஸ்காஃபின் நீளமான நுனி சறுக்கின் மேற்கம்பியில் சுற்றிக்கொண்டால் கழுத்தை இறுக்கிவிடும். விளையாடப் போகும் பிள்ளைக்கு ஊசியே தேவையில்லாத, தைத்து மாட்டுகிற ஸ்காஃப் போதும். சங்கிலி உம்மாவின் கைப்பையில் இருக்கட்டும். காணாமல் போன நகைக்காகச் சிப்பந்திகளைச் சந்தேகித்துப் பேசுகிற பாவத்திலிருந்தும் தப்பலாம்.

சப்பாத்தைக் கழற்றி சொக்ஸ் போடச் சொல்லும் இடங்களில் அப்படியே செய்யுங்கள். ஒரு சோடி சொக்ஸை வீட்டிலிருந்தே கொண்டு போனால் தீர்ந்தது.

காய்ச்சல், சளி, வயிற்றோட்டம், கொப்புளம் உள்ள பிள்ளையை அங்கே விடாதீர்கள். "பெருநாளண்டு புள்ள பாவம்" என்று சொல்லி விட்டால், நாளைக்கு நாலு வீட்டுப் பிள்ளை பாவமாகும். பந்துத் தொட்டியைப் பற்றிக் கொஞ்சம் கூடச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் உடற்பயிற்சிச் சிகிச்சை நிலையங்களில் இருந்த ஆறு பந்துத் தொட்டிகளைச் சோதித்து 2019இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. முப்பதுக்கும் மேற்பட்ட வகை பக்றீரியாக்கள் அவற்றில் இருந்தன. சிகிச்சை நிலையத்திலேயே அப்படியென்றால் உணவகத்தில் எப்படி இருக்கும்? அதற்காகப் பயந்துவிட வேண்டாம். கைப்பிள்ளையை அதற்குள் போடாதீர்கள், வெளியே வந்ததும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவாமல் எந்தப் பிள்ளையும் மேசையில் கை வைக்கக்கூடாது. அவ்வளவுதான்.

இனிச் சொல்லப் போவது எங்களில் பலர் மறைக்கிற விஷயம். பிள்ளை விளையாட்டு மும்முரத்தில் அங்கேயே சிறுநீர் கழித்துவிடும். பம்பர்ஸ் கசிந்துவிடும். ஒருவரும் காணவில்லையே என்று பிள்ளையை மட்டும் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறோம். சகோதரிகளே, எமது வீட்டில் ஒரு துளி பட்டாலும் பாயைக் கழுவிப் போடுகிறவர்கள் நாங்கள். அந்த மெத்தையில் அடுத்ததாக உருளும் பிள்ளையின் தாய், அதைத் தூக்கி அணைத்துக்கொண்டு, அதே உடுப்போடு அஸர் தொழப் போகிறவராக இருக்கலாம். அவருக்குத் தெரியாததால் அவருக்குக் குற்றமில்லை. தெரிந்தும் சொல்லாமல் வந்தவருக்கு? சிப்பந்தியை அழைத்து, இப்படி நடந்துவிட்டது, மன்னியுங்கள் என்று சொல்லுங்கள். துணி கேட்டு வாங்கி நீங்களே துடைக்கவும் முன்வாருங்கள். முதல் நிமிடத்தில் வெட்கமாக இருக்கும். பிறகு இருக்காது.

சாப்பாடு வந்த பிறகு விளையாட்டு நிற்க வேண்டும். ஒரு கையில் கோழித் துண்டோடு ஓடிப் போய், ஒரு சறுக்கு சறுக்கிவிட்டு, மறுபடி வந்து ஒரு வாய் வாங்கிக்கொண்டு ஓடுகிற பிள்ளைகளை எல்லா உணவகங்களிலும் காண்கிறோம். பின்னாலேயே கோப்பையைத் தூக்கிக்கொண்டு ஓடும் தாயையும் காண்கிறோம். ஓடிக்கொண்டு தின்பதால் தொண்டையில் சிக்கும் ஆபத்து ஒரு புறம். சறுக்கில் எண்ணெயும் பந்துகளுக்கிடையில் சோறும் எறும்பும் மறுபுறம். எல்லாவற்றிலும் மோசம், சிப்பந்திகள் கொதிக்கிற சூப்பையும் தேநீரையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு வரும் வழியில் பிள்ளைகள் குறுக்கே ஓடுவதுதான். ஊற்றுப்படப் போவது பிள்ளையின் தலையில். ஓர்டர் கொடுத்துவிட்டு விளையாட விடுங்கள். கோப்பைகள் மேசைக்கு வந்ததும் கை கழுவ வைத்து இருத்துங்கள். உம்மு ஸலமா (ரழி) அவர்களின் மகன் சிறுவனாக இருந்தபோது தட்டில் கை அங்குமிங்கும் ஓடியதைக் கண்டு, பிஸ்மி சொல்லி, வலக் கையால், தனக்கு முன்னால் இருப்பதை உண்ணும்படி நபியவர்கள் அன்போடு கற்றுக் கொடுத்தார்கள். புகாரியில் உள்ள இந்தச் செய்தி எமது பிள்ளைகளுக்கும் பாடம்தான். ஆனால் அதைக் கற்றுக் கொடுக்கப் பிள்ளை முதலில் தட்டுக்கு முன்னால் இருக்க வேண்டுமே.

அடுத்தவர் பிள்ளை எமது பிள்ளையைத் தள்ளினால் என்ன செய்வது? அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்து உலுக்காதீர்கள். "மெதுவா விளையாடுங்கொ மகன், தங்கச்சி சின்னவ" என்று முகத்தைப் பார்த்துச் சொன்னால் பத்துக்கு ஒன்பது பிள்ளை கேட்கும். கேட்காவிட்டால் எமது பிள்ளையை அழைத்துக்கொண்டு விலகுங்கள், அல்லது தாயைத் தேடிப் போய் அமைதியாகச் சொல்லுங்கள். "அவன் அடிச்சா நீயும் அடி" என்று மேசையிலிருந்து சத்தம் போடும் பெரியவர்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி எழுதிப் பயனில்லை.

எமது பிள்ளை தள்ளியிருந்தால், அடுத்தவர் தேடி வரும் வரை இருக்காமல் நாமே எழுந்து போக வேண்டும். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அந்த இடத்தில் வைத்து அடிக்கத் தேவையில்லை. பலர் மன்னிப்புக் கேட்பதற்குப் பதிலாகப் பிள்ளைக்கு இரண்டு அடி போட்டுக் காட்டுகிறார்கள், அது காயப்பட்ட பிள்ளைக்கு மருந்தாகாது. இரத்தம் வந்தால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடிக்க உதவுங்கள். தலையில் அடிபட்டு வாந்தி எடுத்தாலோ, பிள்ளை சோர்ந்து தூங்கப் பார்த்தாலோ வைத்தியசாலைக்குப் போக வேண்டும். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்பியுலன்ஸ் இலவசமாக வரும். வைத்தியச் செலவு வந்தால் எங்கள் பங்கைத் தருகிறோம் என்று வாய் திறந்து சொல்லுங்கள், பெரும்பாலும் வாங்க மாட்டார்கள். மொழி தெரியவில்லை என்று பின்வாங்காதீர்கள். "சமாவென்ன" என்ற ஒரு சொல் எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

சிப்பந்திகளைப் பற்றி. அவர்கள் பிள்ளை பார்க்கும் ஆட்கள் அல்லர். பெருநாள் நாட்களில் அவர்களுக்கு மூச்சு விட நேரமில்லை. அதோடு, "சத்தம் போட்டா அந்த மாமா பிடிச்சிக்கொண்டு போவார்" என்று அவர்களைக் காட்டிப் பிள்ளையை வெருட்டுகிறோம். உழைத்துச் சாப்பிடுகிற ஒரு மனிதனைப் பூச்சாண்டியாக்குவது என்ன பழக்கம்? அனஸ் (ரழி) அவர்கள் சிறுவராக நபியவர்களிடம் பத்து வருடம் பணிவிடை செய்தார்கள். அந்தப் பத்து வருடத்தில் தன்னைப் பார்த்து ஒரு "சீ" என்ற சொல்கூட வந்ததில்லை என்று அவர்களே அறிவித்திருக்கிறார்கள். கூட்டமான நாளில் சாப்பிட்டு முடித்தும் பிள்ளைகள் விளையாடட்டும் என்று மேசையைப் பிடித்து வைத்திருக்க வேண்டாம், வாசலில் இன்னொரு குடும்பம் பசியோடு நிற்கும். வேறொருவர் பிறந்தநாளுக்கென்று அந்த இடத்தை எடுத்திருந்தால் எமது பிள்ளைகளை அதற்குள் விடாமல் பார்த்துக்கொள்ளவும் வேண்டும்.

மஃரிப் நேரமும் ஒரு சோதனை. தொழுகை அறை இருக்கிறது என்று பெண்கள் எல்லோரும் ஒரேயடியாக எழுந்து போய்விடுகிறோம், ஆண்கள் பள்ளிக்குப் போய்விடுகிறார்கள். இருட்டுப்படும் நேரத்தில் பிள்ளைகளை உள்ளே எடுத்துக்கொள்ளும்படி ஹதீஸ் இருக்க, அந்த நேரத்தில்தான் எமது பிள்ளைகள் தனியாக நிற்கிறார்கள். இரண்டு கூட்டமாகப் பிரிந்து தொழுதால் பத்து நிமிடம்தான் கூடச் செல்லும்.

வீட்டுக்குப் புறப்படும் நேரம் வந்தால் பெரிய போர். இந்த இடத்தில் நாங்கள் எல்லோரும் பொய்க்காரர்கள் ஆகிவிடுகிறோம், நானும்தான். "வா மகன், ஐஸ் கிறீம் வாங்கித் தாறன்" என்று சறுக்கிலிருந்து இறக்கி நேராக வேனில் ஏற்றிவிடுவோம். வேனுக்குள் பிள்ளை கத்தும். நாங்கள் சிரிப்போம்.

அப்துல்லாஹ் இப்னு ஆமிர் (ரழி) சிறு பிள்ளையாக இருந்தபோது அவருடைய தாய், வா, உனக்கு ஒன்று தருகிறேன் என்று அழைத்தார். நபியவர்கள் அப்போது அந்த வீட்டில் இருந்தார்கள். என்ன கொடுக்க நினைத்தீர் என்று கேட்டார்கள். பேரீச்சம்பழம் என்றார் தாய். ஒன்றும் கொடுக்காமல் விட்டிருந்தால் அது உம்மீது ஒரு பொய்யாக எழுதப்பட்டிருக்கும் என்று சொன்னார்கள். அபூதாவூதில் வரும் இந்த ஹதீஸை நான் எத்தனையோ பெண்கள் வகுப்புகளில் சொல்லியிருக்கிறேன். அன்று அந்தச் சறுக்கின் அருகிலும் அதை நினைத்திருக்க வேண்டும்.

என் மகள் ஒரு வழி செய்கிறாள். புறப்படுவதற்குப் பத்து நிமிடம் இருக்கும்போது போய்ச் சொல்வாள். பிறகு, "இன்னும் மூணு தரம் சறுக்கு, நான் எண்ணுறன்" என்பாள். மூன்று என்றால் மூன்றுதான். நாலாவது கேட்டு அழுதால் அழ விடுவாள், ஆனால் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள். ஐஸ் கிறீம் என்று சொன்னால் வாங்கிக் கொடுப்பாள். முதல் இரண்டு தடவை ஹோட்டல் முழுவதும் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு அழுகை. மூன்றாவது தடவை பேரன் தானாகவே எண்ணிக்கொண்டு இறங்கினான்.

இந்த வருட நோன்புப் பெருநாளுக்கு அதே உணவகத்துக்கு மீண்டும் போனோம். எனக்கு அந்தச் சிப்பந்திப் பையனைப் பார்க்க வேண்டியிருந்தது. அன்று பில் கொடுக்கும்போது அவனுடைய கையில் கொஞ்சம் பணம் கூடுதலாக வைத்தேன், ஆனால் வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. விசாரித்தேன். அவன் வேலையை விட்டுப் போய்விட்டான், எங்கே என்று தெரியாது என்றார்கள். அந்தத் தாயையும் இனி எங்கே தேடுவது?

இந்த முறை பின்முற்றம் தெரிகிற மேசையையே எடுத்தோம். மகள் ஓர் ஏற்பாடு செய்திருந்தாள். வேன் சாவி யாருடைய கையில் இருக்கிறதோ அவர்தான் பிள்ளைகளிடம் நிற்க வேண்டும். பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தரம் சாவி கை மாறும். முதலில் நான் நின்றேன். பிறகு மகள், பிறகு என் தங்கை. சூப் வந்த நேரம் பார்த்து மருமகனின் முறை வந்தது. சாவியை வாங்கிக்கொண்டு எழுந்து போனவர், மகள் எண்ணியது போலவே எண்ணி எண்ணி ஏழு பிள்ளைகளையும் இறக்கி, கை கழுவ வைத்துக் கூட்டிக்கொண்டு வந்தார். வந்து கோப்பையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "என்ன மாமி, என்ட சூப் ஆறிப் போய்த்தே" என்றார்.

மேசையிலிருந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மூத்த பேத்திதான் முதலில் சிரித்தாள்.